எண்பதுக்கு மேல்

“‘சரி’யாம்! வெறும் ‘சரி’!”

போனைக் கட்டிலில் வீசினாள்.

“நாளைக்குக் காலையில கடைசித் தேர்வு, பயமா இருக்குங்கன்னு அவருக்குப் பத்து வரி எழுதினேன். பதிலைப் பாரு.”

அறைத்தோழி எட்டிப் பார்த்தாள். மூன்று வாரமாக இதே கூத்துதான். சரி. ம். படி. சரி.

“நீயே கூப்பிட்டுப் பேசேன்.”

“கூப்பிட்டா ‘நல்லா இருக்கேன், நீ படி’ன்னு பொசுக்குனு வெச்சிடறார். வீடியோன்னா கேமரா கெட்டுப் போச்சாம்!”

“ஆம்பளைங்களே இப்படித்தான். பொண்டாட்டி ஒரு படி ஏறினா மூஞ்சி சுருங்கிடும்.”

இருவரும் ஜெட் விமானப் பயிற்சியில் ஜோடி. ஒருத்தி ஓட்டினால் மற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து வேகத்தைச் சொல்ல வேண்டும்.

இவள் ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டவள். தரையிலேயே ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் ஓடுபாதையின் முக்கால் தூரம் போன பிறகு ஒரு இன்ஜின் நின்றது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். பாதை தீர்ந்து விமானம் புல்லுக்குள் போய் விழுந்தது. நாளைக்கும் விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எட்டு வருஷக் கனவு!

முன்னெல்லாம் இப்படியா இருந்தார் மனுஷன்?

பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பயிற்சியில் இவளுக்கு இடம் கிடைத்த அன்றே பெரிய பெரிய அட்டைகள் வாங்கி வந்து, விமானி அறையை அப்படியே வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். முன்னால் இரண்டு சாப்பாட்டு நாற்காலி. நடுவில் இன்ஜினைக் கூட்டிக் குறைக்கும் பிடிக்குப் பதில் இரண்டு கரண்டி.

காலை வெயில் சுவரில் ஏறும்போது இருவரும் உட்கார்ந்து பறப்பார்கள். அவர் வரைந்த ஓடுபாதை மெல்ல நகரும். நிஜமாகவே நகரும்! ஜன்னல் திரை ஆடினால் அது மேகம். பால்காரர் மணியடித்தால்தான் இருவரும் தரைக்கு வருவார்கள்.

ஒரே குறை. ஒவ்வொரு பொத்தானையும் வரைந்தவருக்கு ஒன்றின் பெயரும் மண்டையில் ஏறாது.

“வி டூன்னா நிறுத்தற வேகம்தானே?”

“ஐயோ கடவுளே! வி ஒன் வரைக்கும்தாங்க நிறுத்தலாம். அதைத் தாண்டிட்டா பாதை பத்தாது, எது கெட்டாலும் மேல ஏறித்தான் ஆகணும். வி ஒன்னுன்னு சொன்னதும் பிடியிலிருந்து கையை எடுத்துடணும். வி டூ ஏறும்போது இருக்க வேண்டிய வேகம்.”

“சரி, இந்தச் சின்ன மஞ்சள் விளக்கெல்லாம்?”

“சின்னக் கோளாறுக்கு எரியும். ஆனா எண்பது நாட் வேகத்தைத் தாண்டினா எரியாது. விமானமே அமுக்கி வெச்சிடும். நல்லா மேல ஏறினப்புறம்தான் காட்டும்.”

“தெரிஞ்சுட்டே மறைக்குமா? அநியாயமா இருக்கே!”

“என்ன அநியாயம்? அந்த நேரத்துல பைலட் கண்ணு அந்தப் பக்கம் போனா எல்லாமே போச்சு. தீப்பிடிக்கிற மாதிரி உயிர் போற விஷயம்னா மட்டும் மணி அடிக்கும். ஏதாவது ஏறுதா மண்டையில?”

அவர் சிரித்தார். பயிற்சிக்குக் கிளம்பும்போது, “தலைக்கு மேல வர்ற சுவிட்ச் பலகையையும் வரைஞ்சுடுங்க,” என்றாள். “நீ வர்றதுக்குள்ள கூரையில ஒட்டி வைக்கிறேன்,” என்று கையசைத்தார்.

அந்த மனுஷனா இப்படி மாறிட்டார்?

மறுநாள் காலை. சிமுலேட்டரின் கண்ணாடிக்கு வெளியே வெளுத்த வானம். வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் காலடியில் வந்து கரைந்தன.

“எண்பது,” என்றாள் தோழி. கொஞ்சம் பொறுத்து, “வி ஒன்.”

கையை எடுத்தாள். எடுத்த அந்த நொடியில் இடது இன்ஜின் நின்றது.

என்னவோ, இந்த முறை பதறவில்லை. கூடத்துச் சுவரும் காலை வெயிலும் கரண்டியும் கண்ணுக்குள் வந்து போயின. மூக்கை மெதுவாகத் தூக்கினாள். பூமி கீழே நழுவியது. ஒற்றை இன்ஜினில் விமானம் மேகத்துக்குள் போனது.

“பாஸ்!” என்றார் தேர்வாளர்.

வீட்டுக்குச் செய்தி அனுப்பவில்லை. நேரில் போய் நாலு கேள்வி கேட்டால்தான் மனசு ஆறும். பஸ்ஸில் வழி நெடுக அந்தக் கேள்விகளைத்தான் ஒத்திகை பார்த்தாள்.

கதவைத் தட்டினாள். பாதிதான் திறந்தது. அவர் தலை மட்டும் தெரிந்தது.

“என்னாச்சு?”

“ஏன், அதைக்கூட ‘சரி’ன்னு அனுப்பிக் கேட்டிருக்கலாமே!”

“முதல்ல சொல்லு. பாஸா?”

“பாஸ்தான். வழியை விடுங்க.”

அவர் முகம் மலர்ந்தது. கதவு முழுசாகத் திறந்தது.

வலது கை, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. படம் வரைகிற கை! பின்னால் கூரையில் சுவிட்ச் பலகை பாதி ஒட்டியும் பாதி தொங்கியும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே கால் உடைந்த ஸ்டூல்.

ஒத்திகை பார்த்த அத்தனை கேள்வியும் எங்கேயோ போய்விட்டது.

“எப்பங்க?”

“நீ போன மறுநாள்.”

“மூணு வாரமா! அப்ப அந்த ‘சரி’...”

“இடது கையால அதுக்கு மேல தட்ட வரலம்மா. வாய் திறந்தா ரெண்டே நிமிஷத்துல உளறிடுவேன்.”

“என்கிட்டப் போய் மறைப்பீங்களா?” கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. “ஒரு வார்த்தை சொன்னா அன்னிக்கே ஓடி வந்திருக்க மாட்டேனா?”

இடது கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“அதான் சொல்லல. நீ எண்பதைத் தாண்டிட்டேம்மா... இது சின்ன விளக்குதானே!”