எதிர்ப்பக்கம்

"தம்பி, உந்தச் சுடுற கேமிலை நல்லது என்ன, கூடாதது என்ன? ரெண்டையும் ஒளிக்காமல் சொல்லும்."

கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார் அவர். பெயர் கேதீஸ்வரியாம். கரவெட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாராம்.

பாயிஸ் பயந்துபோய் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஐந்துசந்திக்குக் கிட்ட அவன் நடத்தும் கேம் கடையை மூடவைக்கப் பெற்றோர் சங்கம் ஒன்று மும்முரமாக நிற்கிறது, முதலில் ஆள் விட்டு விசாரிக்கப்போகிறது என்று போன கிழமைதான் கேள்விப்பட்டிருந்தான். வந்துவிட்டார்கள். ஆனால் கரவெட்டி வரைக்குமா அவன் கடையின் பெயர் நாறிவிட்டது?

பொய் சொல்லிப் பிடிபடுவதைவிட உள்ளதைச் சொல்வதே புத்தி என்று நினைத்தான். தவிர, ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் அவனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

"இருங்கோ அன்ரி, காட்டியே விடுறன்."

திரையில் ஒரு பாழடைந்த தொழிற்சாலை தெரிந்தது. அதன் முன்னால் இரண்டு கைகள், ஒரு துவக்கு.

"உது ஆற்றை கை?"

"உங்கடை கைதான். இதிலை உங்கடை முகத்தை நீங்கள் காணமாட்டியள். உங்கடை கண்ணாலை பாக்கிறமாதிரித்தான் எல்லாம் தெரியும். இதைக் காதிலை கொழுவுங்கோ."

கேதீஸ்வரி ஹெட்செட்டைக் கொண்டைக்கு மேலால் மாட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் திடுக்கிட்டு இடப்பக்கம் திரும்பினார். அங்கே சோடா வைக்கும் பிறிஜ்தான் நின்றது.

"ஆரோ நடந்து வாறான் தம்பி!"

பாயிஸ் பயத்தையும் மறந்து சிரித்துவிட்டான். "பாத்தியளோ, அதுதான் இதின்ரை நல்லது! ஆள் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் எண்டு காதே சொல்லும். தகரத்திலை நடந்தால் ஒரு சத்தம், மணலிலை நடந்தால் வேறை சத்தம். செய்தவங்கள் மூளைசாலியள்."

"கூடாதது?"

"புதுசா வாறவையைப் பழகினவையோடை மோத விட்டிடும். காலெடுத்து வைக்க முதல் விழுந்திடுவியள். மற்றது, உங்கடை பக்கத்து ஆக்களின்ரை முதுகுதான் கூடுதலாத் தெரியும். முகத்துக்கு முகம் பாக்கிறதெண்டால் எதிரியைத்தான்."

கேதீஸ்வரி ஹெட்செட்டைக் கழற்றினார்.

"என்னைச் சுட்டவருக்கு, தான் சுட்டது ஆரை எண்டு தெரியுமோ?"

"ஓம், தெரியும். அவற்றை திரையிலை நட்டநடுவிலை உங்கடை பேர் பெரிசா விழும். அப்பத்தானே வெண்ட புளுகமும் சந்தோசமும் வரும்!"

"அந்தப் பேரை வராமல் மறிக்க ஏலுமோ?"

"ஏலாது. ஆற்றையும் கதை பிடிக்காட்டிச் சத்தத்தை நிப்பாட்டலாம். எதிரியின்ரை பேரை மட்டும் ஒண்டும் செய்யேலாது. அதுவும் ஒரு குறைதான். சில பேர் கெட்ட தூசண வார்த்தையளையே பேரா வைச்சுக்கொண்டு வருவினம்."

சொன்ன பிறகுதான் பாயிஸ் நாக்கைக் கடித்தான். விசாரிக்க வந்தவரிடம் போய் இதையா சொல்வது!

கேதீஸ்வரி விடவில்லை. "வெளிநாட்டிலை ஒராள் விளையாடிக்கொண்டிருக்க, நான் இஞ்சையிருந்து அதுக்குள்ளை போகலாமோ?"

பாயிஸுக்கு விளங்கிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் பிள்ளைகளோடு பழகும் விசயத்தைத்தான் கேட்கிறார். இதிலேயே கடை மூடப்பட்டுவிடும்.

"அவர் கேமிலை வைச்சிருக்கிற பேர் தெரிஞ்சு, தான் விளையாடுற அறையைப் பூட்டாமலும் விட்டிருந்தால் ஆரும் போகலாம்." மூச்சு விடாமல் தொடர்ந்தான். "ஆனால் அன்ரி, பள்ளிக்கூட நேரத்திலை நான் கடை திறக்கிறேல்லை. சின்னப் பிள்ளையளை உள்ளை விடுறதுமில்லை. சங்கத்திலை உதையும் சேத்துச் சொல்லுங்கோ."

"எந்தச் சங்கம்?"

"பெற்றோர் சங்கம்..."

"எனக்கென்ன தெரியும் உங்கடை சங்கத்தை? எனக்கு உதிலை ஒரு கணக்குத் திறந்துவிடும், விளையாடுறதுக்கு."

பாயிஸ் அவரையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தான். பயம் போன இடத்தில் இப்போது ஒரு குறுகுறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

"பக்கத்து வீட்டுத் தனுசியா சொன்னவள், தேடவேண்டிய பேர் 'தட்டைவடை'யாம். பாரிஸிலை. சனிக்கிழமையிலை இந்த நேரம் விளையாட்டுத்தானாம்."

பாயிஸ் தேடினான். தட்டைவடை இருந்தார். அறையைப் பூட்டவில்லை. இரண்டு பக்கத்திலும் இடம் இருந்தது.

"அவற்றை பக்கத்திலை விடுறன் அன்ரி. உங்களைக் காப்பாத்துவார்."

"வேண்டாம். எதிர்ப்பக்கம் விடும்."

"ஐயோ, இவற்றை புள்ளியைப் பாருங்கோ! கண்ட உடனை உங்களைச் சுட்டு விழுத்திப்போடுவார்."

"விழுத்தட்டும்." கேதீஸ்வரி கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு, மவுஸைப் பழக்கமில்லாத கையால் இறுக்கிப் பிடித்தார்.

பாயிஸ் விசைப்பலகையில் விரலை வைத்தான். "உங்களுக்கு என்ன பேர் போட?"

"'அம்மா' எண்டு போடும் தம்பி. போனிலை என்ரை நம்பரை மறிச்சுப்போட்டு ரெண்டு வருசமா இருக்கிறான். என்னைச் சுட்டுப்போட்டாவது அந்தப் பேரை ஒருக்கா வாசிக்கட்டும்."