முட்டுச்சந்து

"அது முட்டுச்சந்து அக்கா. அதோ, அந்தப் படியேறிச் சுத்திப் போங்க" என்றாள் ஜெல்லி விற்கும் சென்ச்சா.

ஓட்டிலியா சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஆள் நடமாட்டமே இல்லை. பத்தரை மணிக்கு ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

"இப்படிப் போனா அஞ்சு நிமிஷத்துல சதுக்கம்னு லாட்ஜ்காரர் சொன்னாரே?"

"அவருக்கு என்னக்கா தெரியும்? அவர் வெளியூர்க்காரர்."

பக்கத்தில் முடிவெட்டும் கடைக்காரரும் கத்தரிக்கோலாலேயே படியைக் காட்டினார்.

டெலிபோன் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஓட்டிலியாவுக்கு மாதம் ஒரு ஊர். ஊருக்கு ஊர் பஸ், ஊருக்குள் நடை. போன மாதம் சகாத்தேகாஸில் வழி தப்பி மூன்று மணி நேரம் அலைந்ததில் மகன் ரமீரோ பயந்துவிட்டான். இந்தத் தடவை குவானாஹுவாத்தோவுக்குக் காரோடு கூடவே வந்துவிட்டான்.

காலையில் சாப்பிடும்போதே மகனோடு பந்தயம் பேசி முடிந்திருந்தது.

"பதினோரு மணிக்குள்ள தனியா நடந்து சதுக்கத்துக்கு வந்துடுங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா அடுத்த ஊர்லேர்ந்து என் கார்லதான்."

"சரிடா" என்று ஜம்பமாகச் சொல்லியாயிற்று. இனி தோற்றால் ஊர் பார்ப்பதெல்லாம் கார் கண்ணாடி வழியாகத்தான்.

மூச்சு வாங்க எழுபது படி ஏறியவள் திருப்பத்தில் நின்று கீழே பார்த்தாள். அந்தச் சந்து வளைந்து வளைந்து போய், சதுக்கத்தில்தான் முடிந்தது. ரமீரோவின் சிவப்புத் தொப்பிகூடத் தெரிந்தது.

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. தெரியாது என்று சொல்ல இந்த நாட்டில் ஒருத்தருக்கும் வாய் வராது. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஏதோ ஒரு திசையைக் காட்டிவிடுவார்கள். அவளே எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறாள் என்பது வேறு விஷயம்.

விடுவிடுவென்று இறங்கி வந்தாள்.

"இதுவா முட்டுச்சந்து? மேலேர்ந்து பார்த்தேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதுக்கென்ன?"

"அக்கா, பதினோரு மணிக்கு மேல போங்களேன்..."

சென்ச்சா பிடித்த கையை உதறிவிட்டு ஓட்டிலியா சந்துக்குள் நுழைந்தாள். முதல் வளைவிலேயே நின்றுவிட்டாள்.

வெளுத்துப்போன தபால்காரர் தொப்பியோடு ஒரு பெரியவர். சுவரைப் பிடித்தபடி இடது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். ஒரு கதவை எட்டியதும் நின்று, கதவு எண்ணைத் தொட்டுப் பார்த்து, அந்த வீட்டுக்காரர் பெயரை மெல்லச் சொன்னார். பிறகு அடுத்த கதவு. இவளுக்கு முதுகு காட்டியிருந்ததால் பார்க்கவில்லை.

பின்னாலேயே வந்த சென்ச்சா காதோடு சொன்னாள்.

"எவரார்தோ. முப்பத்தஞ்சு வருஷம் இந்த மலை பூரா நடந்தே கடுதாசி கொடுத்தவர். பக்கவாதம் வந்து கால் போச்சு. இப்படி நடக்கறதை யாராவது பார்த்தா கூசிப்போயிடுவார். ஒருநாள் யாரோ எதிர்ல வந்துட்டாங்க. மூணு வாரம் வாசப்படியே தாண்டலை."

"இப்ப?"

"பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் இங்க யாரும் வரமாட்டாங்கன்னு நம்பிட்டிருக்கார். அதான் தெருவே கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கு. போன மாசம் ரெண்டு கதவு. இன்னிக்கு ஏழாவதுக்கா."

ஓட்டிலியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. அந்த மனிதரைத் தாண்டினால் நாலே நிமிஷத்தில் சதுக்கம்.

குனிந்து காலணிகளைக் கழற்றினாள். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வந்த வழியே திரும்பினாள்.

வெளியே வந்து மகனைப் போனில் கூப்பிட்டாள்.

"வர நேரமாகும்பா. வழி தப்பிட்டேன்."

"நான்தான் சொன்னேனே. தோத்துட்டீங்க. இனிமே கார்தான்."

"தோத்ததென்னவோ வாஸ்தவம். ஆனா கார்ல ஏற மாட்டேன்."

"என்னம்மா இது, அழுகுணி ஆட்டம்?"

"ஆமாடா. கால் இருக்கிற வரைக்கும் இப்படித்தான் ஆடுவேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

காலணிகளை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, முதுகில் பையோடு ஒரு இளம் ஜோடி எதிரே நின்றது.

"அம்மா, இந்தச் சந்து சதுக்கத்துக்குப் போகுமா?"

சென்ச்சா வாயைத் திறப்பதற்குள் ஓட்டிலியா கையை நீட்டிப் படியைக் காட்டினாள்.

"அது முட்டுச்சந்துப்பா. வாங்க, நானும் அங்கதான் போறேன்."