எண்ணெய் குடித்த தோட்டாக்கள்

மூன்று தோட்டாக்களின் பின்புறத்தில் சின்னதாகக் குழி விழுந்திருந்தது.

அவள் அவற்றைக் கண்ணாடி மேஜைமேல் நிறுத்தி வைத்தாள். துப்பாக்கிக் கடை ஹபிபுல்லா பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"மூணு தடவை அழுத்தியிருக்கீங்க. மூணும் வெடிக்கல."

தலையசைத்தாள்.

போன வாரம், சாயங்காலம். பின்கதவைத் தள்ளிக்கொண்டு எவனோ ஒருவன் உள்ளே வந்தான். இவள் ரிவால்வரை நீட்டி விசையை இழுத்தாள்.

டக். டக். டக்.

கீழ்ச் சரிவில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்கள் இவள் கத்தலைக் கேட்டு வந்ததால் அவன் ஓடினான். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் தூங்க முடியாது.

தாண்டிக்குடி மலையில், காபித் தோட்டத்துக்கு நடுவே ஒற்றை வீடு. கணவர் வரதராஜன் போன பிறகு அவள் மட்டும்தான். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து ஒரே பாட்டு. துப்பாக்கியை வித்துடும்மா, இங்க வந்துடு.

அவளுக்குப் போக மனமில்லை. அந்த வீட்டிலேயே இருக்க வேண்டுமென்றால் இது வெடித்தாக வேண்டும். அவர் போனதுமே லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றியாகிவிட்டது. இப்போது இதற்காகத்தான் மதுரைக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

பாய் இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் ஈய மூக்கு வைத்தவை, மங்கலாக இருந்தன. மற்றதில் செம்பு போர்த்தியவை. விளக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னின.

"உங்க துப்பாக்கி குட்டைக் குழாய்ம்மா, கை உதறும். செம்புல வெடிமருந்து தூக்கல். நல்லா இறங்கும், ஆனா உதைக்கும். ஈயம் கொஞ்சம் சாது. முதல் குறி தப்பினாலும் ரெண்டாவது உங்க கையில நிக்கும்."

கை உதறும் என்பது அவளுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் பலா மரத்தடியில் பிஸ்கட் டின் ஒன்றை வைத்து, சுடு பார்க்கலாம் என்றார் வரதராஜன். சுட்டாள். கை வானத்துக்குப் போனது. டின் அப்படியே இருந்தது. மேலேயிருந்து ஒரு பலாக்காய் விழுந்தது.

அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அன்றைக்கு ராத்திரி பலாக்காய்க் கூட்டு. நீ வேட்டையாடியது, நீயே சமை என்றார். எவ்வளவு நல்ல நாள் அது.

"சார் எது வாங்குவாரு பாய்?"

பாய் பெட்டிகளைத் தள்ளி வைத்தார். குழி விழுந்த தோட்டா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் போடுவேன்."

ஆயுத பூஜைக்கு ஜீப், மருந்தடிக்கும் பம்பு, கவாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபின், கடைசியாக ரிவால்வருக்கு வருவாள். ஆறு தோட்டாக்களையும் மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணெய் தடவித் துடைப்பாள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அவ்வளவு பதவிசாக. அவர் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். துரு ஏறாமல் காப்பாற்றுகிறோம் என்று அவளுக்குப் பெருமை.

"எண்ணெய் உள்ள இறங்கிடும்மா, பின்னால குழி விழுந்திருக்கே, இந்தக் கேப்பு ஓரமா. மருந்து நனைஞ்சிட்டா அப்புறம் இது வெறும் பித்தளை."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

சந்தன மரம் வெட்டுகிறவர்கள் வந்துபோன அந்த வருஷம், இந்த ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டுதானே அவர் தோட்டத்தைச் சுற்றி வந்தார். வெறும் பித்தளையை நம்பியா? தன் கையாலேயே அவரை அப்படி அனுப்பினாளா?

"பதறாதீங்க," என்றார் பாய். "பூஜை முடிஞ்ச வாரம் சார் இங்க வந்துருவாரு. எண்ணெய் போட்டதைக் கொடுத்துட்டு புதுசு வாங்கிட்டுப் போவாரு. வருஷா வருஷம். வீட்டுல சொல்லிரலாமே சார்னு நானும் கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னாரு?"

"அப்புறம் அந்தக் காட்சிய நான் எங்க போய்ப் பாக்குறது பாய்ம்பாரு."

பூஜை முடிந்த வாரம். மதுரை.

ஜீப்புக்கு ஏதோ சாமான் வாங்க வேண்டும் என்றுதான் கிளம்புவார். திரும்பும்போது கையில் மல்லிகைப் பூவும் அல்வாப் பொட்டலமும் இருக்கும். சாமான் எங்கே என்றால் கிடைக்கவில்லை என்பார். திருட்டுத்தனமாக சினிமா பார்த்துவிட்டு வருகிறார் என்று அவள் கேலி செய்வாள். அவர் மறுத்ததே இல்லை.

போன வருஷம் அந்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீடு திரும்பவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன, மனுஷன். பிறகு மூக்கு அடைத்துக்கொண்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

தன் கை பட்ட எதுவும் அந்த வீட்டில் கெட்டுப்போனதில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். வேறு எதையெல்லாம் இப்படிச் சத்தமில்லாமல் சரிசெய்து வைத்தாரோ. இனி யாரைப் போய்க் கேட்பது?

"எது போடட்டும்மா?"

"ஈயம்," என்றாள். குரல் தெளிவாகவே வந்தது.

பாய் பெட்டியைக் கட்டப் போனார்.

"கட்டாதீங்க பாய். எண்ணெய் போடக்கூடாது, சரி. வேற என்னென்ன செய்யக்கூடாது? எல்லாத்தையும் இப்பவே சொல்லிருங்க. இனிமே வந்து மாத்திட்டுப் போக ஆள் இல்ல."

பாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.