குதிரையின் நெஞ்சு

ஒபரேசனுக்குப் பிறகு சிவகௌரி அன்றுதான் முதன்முதலாக த பேசின் புறநகரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கு வந்திருந்தாள். புதுக் குதிரை வாகனத்தின் நெஞ்சில் வைத்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.

“இஞ்சாருங்கோ, மரமெண்டே நம்பேலாது. மூச்சு விடுற மாதிரி எல்லோ இருக்கு! ஆசாரியாரை யாழ்ப்பாணத்தில இருந்து கூப்பிட்டவையோ?”

“இல்லையாம். இஞ்ச பக்கத்தில, நோபிள் பார்க்கில, வீட்டுக் கராஜுக்குள்ள வைச்சுச் செதுக்கினதாம்,” என்றார் கணவர் அருந்தவன்.

“அந்தக் கையைப் பிடிச்சு ஒருக்காக் கண்ணில ஒத்த வேணும்.”

மேளம் முழங்க, ஐயர் சிற்பியின் தலையில் பட்டுக் கட்டினார். திரும்பிய சிற்பி அவளைக் கண்டதும் சிரித்தபடி கிட்ட வந்தார்.

“அன்ரி, நான் உங்களுக்கு மாத்தின ஹார்ட் வால்வ் ஒழுங்கா வேலை செய்யுதோ?”

குதிரையின் நெஞ்சில் இருந்த அவள் கை, தன் நெஞ்சுக்குப் போனது.