மெதுவாக அனுப்புகிறவர்

எதிர்முனையில் இருந்தவர் இன்னும் போகவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு அதுவே பெரிய விஷயம்.

ஞாயிறு பிற்பகல். வீட்டில், துணி மடிக்கும் மேசையில் ரேடியோ செட், தலையில் ஹெட்ஃபோன், கையில் பென்சில். குட்டையும் நெட்டையுமாக விழும் ஒலியைப் புள்ளி, கோடு என்று பிரித்து எழுத்தாக்கிக்கொண்டிருந்தார்.

கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களை எழுத்துப் படிக்கச் சொல்கிறவர். மோர்ஸ் என்ற இந்தத் தந்திக் குறியீட்டைக் கற்க ஆரம்பித்த நான்கு மாதமாக அவருக்கே எழுத்து பிடிபடவில்லை.

இதற்கு முன் ரேடியோவில் இரண்டு பேர் பேச அகப்பட்டார்கள். ஒருவர், இவர் தன் பெயரை அனுப்பி முடிப்பதற்குள் விடைபெற்றுக்கொண்டார். இன்னொருவர் விடைகூடப் பெறவில்லை.

இன்றும் யாராவது பாதியில் போனால் செட்டை விற்றுவிடுவதாகக் காலையில் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று மனைவி அளவெடுத்தே விட்டாள்.

ஆனால் இந்த மனிதர் வேறு மாதிரி. ஓர் எழுத்து அனுப்புவார். நிறுத்துவார். ஆற அமர அடுத்ததை அனுப்புவார். சில சமயம் ஒரே சொல்லை முதலிலிருந்து மறுபடி அனுப்புவார். பெயர், ஊர், அங்கே மழை என்பது வரை வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது.

"ஃபோன்ல ஒரு நிமிஷத்துல முடியுற பேச்சு," என்றாள் மனைவி, மடித்த போர்வையோடு நின்றபடி.

"எனக்காக மெதுவா அனுப்புறாரு. பெரிய மனுஷன்."

தன் பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டதற்கு நன்றி என்று அந்தப் பெரிய மனிதருக்கு அனுப்பினார். இரண்டு இடத்தில் பிழை விட்டுத் திருத்தினார்.

பதில் வர ஆரம்பித்தது. எழுதுகிற அவசரத்தில் அவருக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மனைவிதான் எழுத்துகளைக் கூட்டி அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தாள். போகப் போக அவள் குரல் இறங்கியது.

"வேகத்தைக் குறைக்கலையாம். முப்பது வருஷமா வலது கையால அனுப்பினவராம். பக்கவாதம் வந்து அந்தக் கை போயிடுச்சாம். இடது கையில இன்னிக்குத்தான் முதல் தடவையாம். நீங்க பாதியில விட்டுட்டுப் போகாம கேட்டீங்களாம், அதுக்கு நன்றி சொல்றாரு." அடுத்த வரியைக் கூட்டினாள். "உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்னு கேக்குறாரு."

போர்வையை நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"உள்ளதைச் சொல்லுங்க."

நான்கு மாதம், கடைசிவரை என்னோடு பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்று அவர் அனுப்பினார்.

மறுபடி பென்சிலை எடுத்தார்.

எதிர்முனையிலிருந்து நான்கு புள்ளி. ஓர் இடைவெளி. இரண்டு புள்ளி. மோர்ஸில் சிரிப்பதென்றால் அவ்வளவுதான். பழகிய கைக்கு ஒரு நொடிகூட ஆகாது.

இடது கையால் அந்த மனிதர் பதினோரு நொடி சிரித்தார்.