கடல் வரைக்கும்

“இதென்ன வெடிமருந்து ரூமா, செருப்ப வெளிய விட்டுட்டு ஏறுத?” முனியராஜ் சிரித்தான்.

“பட்டாசுக் கம்பெனிப் பழக்கம், போக மாட்டேங்குது” என்றாள் அவன் மனைவி ரோஜா, காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

“தீக்காயம் பட்ட காலு. தாங்குமா?”

“கடல் வரைக்கும் நாந்தான் ஓட்டுவேன்.”

“இப்ப எங்கன வந்துருக்கோம்?”

“எட்டயபுரம் தாண்டியாச்சு. உப்புக்காத்து அடிக்குது, தெரியலியா? அந்தா கடல்! எறங்குங்க... அய்யோ, செருப்பு வீட்டுலல்ல கெடக்கு!”

காருக்கு அடியிலிருந்து அவன் கை அந்தச் செருப்பை நீட்டியது.

வீட்டு வாசலில் ஸ்டாண்டுகள்மேல் நகராமல் நின்ற பழைய ரேஸ் கார் அது. அவளால் மிதிக்க முடியாத முரட்டுக் கிளட்ச்சையும் அதோடு ஒட்டிய ஃப்ளைவீல் சக்கரத்தையும் கழற்றி, லேசாக மிதிபடும் புதுசை அப்போதுதான் மாட்டி முடித்திருந்தான்.

“இப்ப மிதி பிள்ள.”

காயம்பட்ட இடது காலை வைத்து அழுத்தினாள். பெடல் மெல்ல அடிவரை இறங்கியது.

“எறங்கிருச்சு!”

“அப்ப செருப்பத் தூக்கி உள்ள போடு. நெசமாவே போவோம்.”