மேடைக்கு மட்டும்

மேடையில் தம்பி தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான்.

மைதானத்தின் நடுவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிதானமாகப் போன் பேசிக்கொண்டிருந்தான். அதுவும் மெல்லிய குரலில்!

ஒரு ராக் பேண்ட் வாசிக்கும்போது ஒருவனால் போன் பேச முடிகிறதென்றால், அந்த பேண்டின் கதியைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

கூட்டத்துக்குப் போகிற சத்தத்தின் ஸ்லைடர் அக்காவின் விரலடியில்தான் இருந்தது. பாதிக்கும் கீழே.

எல்லா மேடையிலும் உள்ள வழக்கம்தான் இது. முதலில் வருகிற சின்ன பேண்டுக்குச் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பார்கள். அப்போதுதானே பின்னால் வரும் பெரிய பேண்ட் முதல் அடி அடித்ததும் ஜனங்களுக்கு நெஞ்சு அதிரும்! அக்காவும் எத்தனையோ பையன்களின் குரலை இப்படி அமுக்கியிருக்கிறாள். கை கூசியதே இல்லை.

இன்று கூசியது.

வெயில்கூட இன்னும் இறங்கவில்லை. காலையிலிருந்து தம்பி ஒரு வாய் சாப்பிடவில்லை. வயிறு காலியாக இருந்தால்தான் குரல் வரும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. யார் சொன்னாலும் கேட்க மாட்டான்.

மேடையிலிருந்து தள்ளிப் போட்டிருந்த முன்வரிசை நாற்காலியில் பாட்டுக் கம்பெனிக்காரர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியின் பேண்டைக் கேட்கத்தான் வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஆல்பம். இல்லையென்றால் பேண்டைக் கலைத்துவிடுவது என்று நாலு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். டிரம்ஸ் அடிப்பவனுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. கிடார் வாசிப்பவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. தம்பிக்குத்தான் பாட்டை விட்டால் வேறு நாதியில்லை.

கம்பெனிக்காரரை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டுக்காரர் பாடியதையும் இதே மனுஷன்தான் ஒரு காலத்தில் இதே மாதிரி காலாட்டிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தார். கையெழுத்து வாங்கினார். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது.

பாட்டும் கம்பெனிக்குச் சொந்தம், பேண்டின் பெயரும் கம்பெனிக்குச் சொந்தம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வீட்டுக்காரரைக் கழற்றிவிட்டு, அதே பெயரில் வேறொருவனை நிறுத்திப் பாட வைத்தார்கள். வயிற்றெரிச்சல் தாங்காமல் அவர் தன் பாட்டை ஏதோ ஒரு ஹோட்டலில் பாடினார். வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அன்றோடு சரி. மனுஷன் இப்போது குளிக்கும்போதுகூட முணுமுணுப்பதில்லை. அவருக்குத் துணையாக மிக்ஸர் பக்கம் நிற்கப் பழகியவள் அக்கா. அவர் மேடையை விட்டு இறங்கிவிட்டார், அவள் மிக்ஸரிடமே நின்றுவிட்டாள். குடும்பம் ஓட வேண்டுமே.

தம்பியிடம் சொல்லாமலில்லை. தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"மாமாவுக்கு நேரம் சரியில்லக்கா. நான் உஷாரா இருப்பேன்" என்று சிரித்தான்.

மேடையில் அவன் காலடியில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அது பாடுகிறவர்களுக்கு மட்டும் கேட்பதற்கு. அதற்குத் தனி ஸ்லைடர். அதை அக்கா உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தாள். அவனுக்காவது முழுசாகக் கேட்கட்டும்.

அதனால் பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்துப் பாடினான். தடுப்புக் கம்பியை ஒட்டி, அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் குதித்து ஆடினாள். பின்னால் ஏன் யாரும் ஆடவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள். அதில் அவன் குரல் எந்தக் குறைவும் இல்லாமல் வந்தது.

ஐயோ, என்ன குரல்டா உனக்கு!

இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இப்படி ஒரு குரல் அவனுக்குள் இருக்கிறதென்று அவளுக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. இது மட்டும் வெளியே கேட்டிருந்தால் கம்பெனிக்காரர் பேனாவும் கையுமாக மேடைக்கே ஓடியிருப்பார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்லைடரைக் கொஞ்சம் தள்ளினால் போதும்.

கம்பெனிக்காரர் கொட்டாவி விட்டார். போனைப் பார்த்தார். கடைசிப் பாட்டு தொடங்கும்போது எழுந்து, சட்டையை உதறிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

அவர் கார் கிளம்பும்வரை அக்கா விரலை எடுக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் தம்பி வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி மூச்சு வாங்கினான்.

"அக்கா, சவுண்டு பின்னிட்ட! எங்க பாட்டு எங்களுக்கே இன்னைக்குத்தான் ஒழுங்கா கேட்டுச்சு. அவரு எங்கக்கா?"

"இங்கதான் எங்கயாச்சும் இருப்பாரு. போய்ப் பாரு" என்றாள்.

அவன் ஓடினான்.

பெரிய பேண்டின் மேனேஜர் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார். குனிந்து ஸ்லைடரைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னம்மா இது? உன் தம்பியாச்சே, இன்னைக்கு ஒருநாள் ஃபுல்லா வச்சுக்கோன்னு மத்தியானமே சொன்னேன்ல?"

"மறந்துட்டேன் சார்."

தம்பி முன்வரிசையில் நாற்காலி நாற்காலியாகப் போய், ஒவ்வொருவர் முகத்தையும் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.